ஆற்றில் அள்ளியதை எண்ணுங்கள்

தாமிரபரணியில் தூய்மைப் பணி நடந்தது என்று வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடிகின்றன: இத்தனை பேர் இறங்கினார்கள், இத்தனை டன் கழிவு வெளியே வந்தது. படத்தில் கல்லூரி மாணவர்கள், உழவாரப் பணிக் குழுவினர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லாரும் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று சாக்கு கைமாற்றுகிறார்கள். விடுமுறை நாளில் விடியற்காலையே எழுந்து ஊர் ஆற்றுக்காக இறங்குகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன்: அந்த டன் கணக்கு நமக்கு என்ன சொல்கிறது? போன ஆண்டு பத்து டன், இந்த ஆண்டு பதினைந்து டன் என்று வைத்துக்கொள்வோம். ஆறு தேறியிருக்கிறதா, மோசமாகியிருக்கிறதா? கூடுதலாக வந்த ஐந்து டன் ஆட்கள் அதிகம் வந்ததாலா, குப்பை அதிகம் விழுந்ததாலா? எடை இதற்குப் பதில் சொல்லாது. ஆற்றில் இறங்குகிறவர்கள் அள்ளியதை எண்ணவும் எழுதவும் தொடங்கினால், அந்தக் கணக்கை வைத்து உரியவர்களிடம் பதில் கேட்கத் தொடங்கினால், இன்று அவர்கள் சிந்தும் வியர்வைக்குப் பலமடங்கு பலன் கிடைக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவைத் தொடும்வரை சுமார் 128 கிலோமீட்டர். தமிழ்நாட்டு மண்ணிலேயே பிறந்து தமிழ்நாட்டுக் கடலிலேயே சேரும் வற்றாத ஆறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்கு நீர் தருகின்றன. காவிரிக்கும் பாலாற்றுக்கும் நேர்ந்ததைச் சொல்லும்போது பக்கத்து மாநிலத்தைக் கைகாட்டலாம். தாமிரபரணியில் அது முடியாது. மேலிருந்து கீழ்வரை எல்லாம் நம் பொறுப்பு. கோடைமேலழகியான் தொடங்கி திருவைகுண்டம்வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றை வயலுக்கும் குளத்துக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. குடிநீர்க் கணக்கு இதைவிட முக்கியம். ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. விருதுநகர் மாவட்டம்வரை குழாய் போகிறது. நெல்லை மாநகரைக் கடந்த பிறகுதான் ஆறு வல்லநாட்டையும் கலியாவூரையும் அடைகிறது; தூத்துக்குடி மாநகருக்குத் தண்ணீர் எடுக்கும் இடங்கள் அவை. ஆக, நெல்லைக்காரர் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்பது தூத்துக்குடிக்காரர் வீட்டுக் குடத்தின் விஷயம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் தாமிரபரணியும் இடம்பெற்றது.

இனி பாபநாசத்துக்குப் போவோம். மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு முதன்முதலாகப் பெருங்கூட்டத்தைச் சந்திக்கும் படித்துறை அது. முன்னோருக்குத் திதி கொடுக்கவும், தோஷம் கழிக்கவும், பாவம் போக்கவும் தென் மாவட்டங்கள் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். முழுகி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுக் கரையேறுவது வழக்கமாகிவிட்டது. பருத்தித் துணி மட்டும் இருந்த காலத்தில் அது மக்கிப் போயிருக்கும். இப்போது விடுவது பாலியெஸ்டர் சேலை, நைலான் கலந்த வேட்டி, எலாஸ்டிக் வைத்த உள்ளாடை. இவை மிதப்பதும் இல்லை, மக்குவதும் இல்லை. நீரோட்டம் இழுத்துப்போய்ப் பாறை இடுக்கில் செருகுகிறது. மேலே மணல் படிகிறது. தண்ணீருக்குள் ஒரு முழம் முந்தானை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். மீதி ஐந்து கஜம் மணலுக்கு அடியில் வேறு நான்கைந்து துணிகளோடு திரிந்து கயிறாகிக் கிடக்கும். அதை ஒருவர் இழுத்தால் வராது. ஒருவர் கம்பியால் மணலைக் கிளற, இருவர் முறுக்கை அவிழ்க்க, இன்னொருவர் அரிவாளால் நறுக்க, அப்புறம்தான் துண்டு துண்டாக வரும். கண்ணாடி வளையல், உடைந்த விளக்கு, கலயத்து ஓடு எல்லாம் அதற்குள் சிக்கியிருக்கும். கையுறை இல்லாதவர் கை கிழியும். குளிக்க இறங்குகிறவர் காலை இந்தத் துணிச்சுருள் பின்னினால் உயிருக்கே ஆபத்து.

இப்படி இழுத்துப் போட்டதை எடை போடும்போது நாம் எதை நிறுக்கிறோம்? பெரும்பங்கு தண்ணீரையும் மணலையும். அதே படித்துறையில் ஆயிரம் காலி ஷாம்பூ பாக்கெட்டுகளைப் பொறுக்கினால் ஒரு கிலோ தேறுவதே சந்தேகம். நனைந்த ஒரு சேலை தராசில் அதைத் தூக்கி அடித்துவிடும். டன் கணக்கை இலக்காக வைத்தால் தன்னார்வலர்களின் கை தானாகவே கனமான பொருளுக்குப் போகும். சிறியவை அப்படியே அணைக்கட்டுக்கும் வாய்க்காலுக்கும் போய்ச் சேரும். இன்னொரு கெடுதலும் உண்டு. எடை ஒரு சாதனையாக அறிவிக்கப்படும்போது அடுத்த ஆண்டு அதைவிடக் கூடுதலாக அள்ள வேண்டும் என்ற ஆசை வருகிறது. உண்மையில் நாம் ஆசைப்பட வேண்டியது நேர் எதிரான ஒன்றுக்கு: அதே இடத்தில், அதே அளவு ஆட்கள், அதே நேரம் தேடியும் அள்ள எதுவும் கிடைக்காத ஆண்டுக்கு. அந்த ஆண்டை நெருங்குகிறோமா என்று தெரிய, பொருள்வாரியாக எழுதி வைத்த கணக்கு வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ் ஒருங்கிணைத்த தூய்மைப் பணியில் சுமார் 2,800 பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் எடுத்த ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறிக்க வேண்டும் என்பது அங்கே விதி. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் செப்டம்பர் மாதம் நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள் அந்த அட்டையிலிருந்து வளர்ந்தது. பிரிட்டனிலும் இதே பழக்கம் பலன் கொடுத்தது. இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் பெரிய கடைகள் தரும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் ஐந்து பென்ஸ் வசூலிக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கடற்கரைகளில் தன்னார்வலர்கள் பைகளை எண்ணி வந்ததால், கட்டணத்துக்குப் பிறகு எண்ணிக்கை பெருமளவு சரிந்ததை ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடையால் நம் ஆற்றங்கரைகளில் டம்ளரும் கேரி பேக்கும் எவ்வளவு குறைந்தன? 2018-இல் ஒவ்வொரு படித்துறையிலும் யாராவது எண்ணி எழுதி வைத்திருந்தால் இன்று இந்தக் கேள்வி பதிலில்லாமல் நிற்காது.

எண்ணுவதற்கு நம்மவர்களுக்குப் பொறுமை கிடையாது என்பார்கள். இதே தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் குளத்துப் பறவைகளைத் தன்னார்வலர்கள் எண்ணி வருகிறார்கள். மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இதை ஒருங்கிணைக்கிறது. அதிகாலையில் தொலைநோக்கியோடு கரையேறி, நாமக்கோழி இத்தனை, தாழைக்கோழி இத்தனை என்று குறிப்பேட்டில் எழுதும் மாணவர்களுக்கு, துணி இத்தனை, பாட்டில் இத்தனை என்று எழுதத் தெரியாதா? பறவைக்குக் காட்டும் அக்கறையைக் குப்பைக்கும் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு எழுதினால் மட்டும் என்ன ஆகிவிடும், யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நெல்லையிலேயே பதில் இருக்கிறது. 2024 டிசம்பரில் சுத்தமல்லியை ஒட்டிய கொடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. ஆற்றுக்கும் குளத்துக்கும் பக்கத்து ஊர்கள் இவை. ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குழி தோண்டிப் புதைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மூட்டைக்குள் கிடந்த காகிதங்களைப் பார்த்தார்கள். திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் பெயர் அவற்றில் இருந்தது. அந்தப் பெயர்கள் வெளியே வந்த பிறகு காவல் துறை வழக்குப் போட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கழிவைக் கேரள அரசே திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்று உத்தரவானது. டிசம்பர் 22 அன்று கேரளத்திலிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளிப் போனார்கள். கொட்டியவர் பக்கமே கழிவு திரும்பிப் போவது நம் ஊரில் அபூர்வம். அதைச் சாத்தியமாக்கியது குப்பையில் கிடந்த ஒரு முகவரி. ஆற்றில் கிடைக்கும் எண்ணெய் பாக்கெட்டிலும் குளிர்பான பாட்டிலிலும் நொறுக்குத்தீனி உறையிலும்கூடத் தயாரிப்பாளர் பெயர் அச்சாகித்தான் இருக்கிறது. சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்று மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. எந்தப் பெயர் எத்தனை முறை ஆற்றில் கிடைத்தது என்ற பட்டியல் இல்லாமல் அந்த விதியைக் கையில் எடுக்க முடியாது.

இதையெல்லாம்விட அழுத்தமான மறுப்பு ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் குப்பை ஆற்றின் சின்ன நோய். உயிரைக் குடிப்பது கழிவுநீர். குளிக்கத் தகுந்த நீரில் உயிரிவேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமி நூறு மில்லிலிட்டரில் 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது. எத்தனை சாக்கு துணியை வெளியே இழுத்தாலும் இந்த அளவுகள் அசையாது. ஆகவே தூய்மைப் பணி என்பதே ஒரு கவனத் திருப்பல் என்று சில சூழலியலாளர்கள் கருதுகிறார்கள். அவர்கள் சொல்லும் உண்மையை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. கழிவுநீரை யார் எங்கே விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கரையோரம் காலால் நடக்க வேண்டும். நடக்கிறவர்கள் இந்தத் தன்னார்வலர்கள்தான். நெல்லை மாநகரில் மீனாட்சிபுரத்திலிருந்து கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று கரையோடு போனால் ஆற்றில் வந்து விழும் ஓடைகளைக் காணலாம். ஏட்டில் அவை மழைநீர் வடிகால்கள். மழையே பெய்யாத மே மாதத்து மதியத்தில் ஒரு மழைநீர் வடிகால் நுரையோடு ஓடினால் அதில் ஓடுவது என்ன என்று சொல்ல ஆய்வகம் தேவையில்லை. அந்த வாய் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் ஓடியது, எந்தத் தெருக்களிலிருந்து வருகிறது என்று ஒரு படத்தோடு பதிவு செய்வதும் தூய்மைப் பணிதான். தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் 2024 நவம்பரில் தாங்களே நேரில் வந்து பார்க்க வேண்டியிருந்தது. மக்கள் கையில் ஆண்டுக்கணக்கான பதிவு இருந்தால் எந்த நீதிமன்றத்திலும் வழக்கு ஒரு படி மேலேறித் தொடங்கும்.

பஞ்சாபின் காலி பெயின் ஆறு இதற்கு நல்ல பாடம். குரு நானக் ஞானம் பெற்ற சுல்தான்பூர் லோதி அதன் கரையில் இருக்கிறது. 160 கிலோமீட்டர் ஆறு, ஊர்களின் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் அடைத்து, ஆறு இருந்த தடமே தெரியாமல் போயிருந்தது. 2000-ஆம் ஆண்டில் சீக்கியத் துறவி பல்பீர் சிங் சீச்சேவால் கர சேவையாக அதில் இறங்கினார். ஆயிரக்கணக்கானோர் பின்னால் வந்தார்கள். வெறும் கையால் செடியைப் பிடுங்கினார்கள், கரை கட்டினார்கள், படித்துறை எழுப்பினார்கள். அத்தோடு நிற்காமல் ஊர் ஊராகப் போய்ச் சாக்கடை விழும் வாயைக் கண்டுபிடித்து, அந்தக் கழிவுநீரைக் குளத்தில் தேக்கித் தெளியவைத்து வயலுக்குத் திருப்பினார்கள். 2006-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அங்கே போய்ப் பார்த்தார். இவ்வளவு நடந்த ஆற்றிலும், பின்னாளில் சுத்திகரிக்காத கழிவுநீர் வந்து கலந்து மீன்கள் செத்து மிதந்த செய்திகள் உண்டு. ஆயிரக்கணக்கான கைகள் பல ஆண்டுகள் உழைத்ததை, வேலை செய்யாத சில சுத்திகரிப்பு நிலையங்கள் கெடுத்துவிட முடியும். இதைச் சொல்வது உழைத்தவர்களைச் சோர்வடையச் செய்வதற்கு அல்ல. மேலே வரும் வாயை அடைக்கும்வரை கீழே அள்ளும் வேலைக்கு முடிவு கிடையாது என்பதைக் காலி பெயினைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆற்றைச் சுத்தமாக வைப்பது அரசின் வேலை, நாம் இறங்கினால் அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்ற மறுப்பையும் தள்ளிவிட முடியாது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் திடக்கழிவு விதிகளும் வேலையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் கொடுத்திருக்கின்றன. அவர்கள் அதற்காகவே வரிப்பணத்தில் இயங்குகிறார்கள். பதிலுக்குக் குடிமராமத்தை எடுத்துக்காட்டி, முன்பெல்லாம் ஊரே கூடிக் குளம் வெட்டியது என்று பெருமை பேசுவது வழக்கம். அந்தப் பெருமையோடு ஒரு எச்சரிக்கையும் சேர வேண்டும். குடிமராமத்து வேலைக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்த 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட வேண்டியிருந்தது. ஊர் கூடியது என்று நாம் சொல்லும் இடங்களில் மண் சுமந்தவர்கள் யார், கரையில் நின்று பார்த்தவர்கள் யார் என்பது சாதியைப் பொறுத்தது. இன்றைய தூய்மைப் பணியிலும் அந்த நிழல் இருக்கிறது. பேனர் பிடித்துப் படம் எடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு எல்லாரும் கலைந்த பிறகு, கரையில் குவித்த ஈரக் குவியலை லாரியில் ஏற்றுவது மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள். அதற்கு அவர்களுக்குக் கூடுதல் கூலி உண்டா, கையுறை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. லாரி வராத நாளில் குவியல் கரையிலேயே கிடக்கிறது. அடுத்த மழை அதைத் திரும்ப ஆற்றில் சேர்க்கிறது. எனவே ஒரு குழு ஆற்றில் இறங்கும் முன் உள்ளாட்சியிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில இருக்கின்றன: எந்த நேரத்துக்கு வண்டி வரும், அள்ளியது எங்கே போகும், ஏற்றுகிறவருக்கு அன்றைய கூலி யார் தருவார்கள். இப்படிக் கேட்கிற தன்னார்வலர் அரசை ஓய்வெடுக்க விடுவதில்லை. வேலை செய்ய வைக்கிறார்.

நம்பிக்கையைத் தொடுகிறீர்களே என்றும் கேட்பார்கள். நீராடுவதும் திதி கொடுப்பதும் யாருடைய தடையும் இல்லாமல் நடக்க வேண்டும். துணியை ஆற்றுக்குள்ளேதான் விட வேண்டுமா, படியேறிக் கரையில் ஒரு தொட்டியில் போட்டால் தோஷம் கழியாதா என்பதை பாபநாசத்துப் புரோகிதர்களும், பரிகாரம் எழுதிக் கொடுக்கும் ஜோதிடர்களும், அறநிலையத் துறையும் சேர்ந்து சொல்லலாம். துணி விடுகிறவர்களில் மிகப் பலர் வெளியூர்க்காரர்கள்; வந்து, முழுகி, அன்றே திரும்புகிறார்கள். கரையில் நிற்கும் இளைஞர்கள் சொல்வதைவிடப் பரிகாரம் சொன்னவர் வாயால் வருவது அவர்கள் காதில் ஏறும். எத்தனை துணி, எந்த நாள், எந்தப் படி என்ற கணக்கு இங்கும் கைகொடுக்கும். அமாவாசைக்கு எவ்வளவு, சாதாரண வெள்ளிக்கிழமைக்கு எவ்வளவு என்று தெரிந்தால் எங்கே தொட்டி வைப்பது, என்றைக்கு ஆள் நிறுத்துவது என்று முடிவு செய்யலாம். தொட்டி வைத்த மாதத்தில் ஆற்றில் கிடைத்த துணி குறைந்ததா என்றும் பார்க்கலாம். குறையவில்லை என்றால் வேறு வழி தேடலாம்.

ஆகப் பெரிய முகாம்களைவிடச் சின்ன, திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்கே என் ஓட்டு. ஒரு கல்லூரிக்கு ஒரு படித்துறை. இருநூறு மீட்டர் கரை. மாதம் ஒரு காலை. துணி, பாட்டில், சாஷே, பூஜைப் பொருள், மருத்துவக் கழிவு, மது பாட்டில் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எண்ணினால் போதும். ஒவ்வொரு முறையும் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்பதையும் எழுதினால் ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு நியாயமாக ஒப்பிடலாம். அந்தத் தாளை மாநகராட்சி கவுன்சிலரிடமும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளிலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கும் ஆற்று நீர்ப் பரிசோதனை முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, படித்துறையில் தமிழில் பலகையாக வைக்கச் சொல்ல வேண்டும். குளிக்க இறங்குகிறவர் தான் இறங்கும் நீரில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று படித்துவிட்டு இறங்கட்டும். அதன் பிறகு சாக்கடை பற்றி மாநகராட்சி மன்றத்தில் எழும் சத்தம் அடுத்த தேர்தலுக்குள் வேறு மாதிரி இருக்கும்.

இந்தப் பொறுப்பை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010-இல், எண்பத்தைந்து வயதைக் கடந்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தாமிரபரணி மணல் கொள்ளையை எதிர்த்து மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்துத் தானே வாதாடினார். நீதிமன்றம் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை விதித்தது. ஒரு மனிதர் கையில் ஆதாரமும் சட்டமும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் 2023 ஏப்ரல் 25 அன்று இதே ஆற்றங்கரையில் முறப்பநாட்டின் கிராம நிர்வாக அலுவலர், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்ததற்காக, தன் அலுவலகத்திலேயே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் இருவருக்கும் அதே ஆண்டு ஆயுள் தண்டனை கிடைத்தது. அரசு ஊழியருக்கே இந்தக் கதி என்றால், குறிப்பேடும் கையுறையுமாக வரும் கல்லூரி மாணவரை மணல் லாரியின் முன்னால் நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. துணியையும் பாட்டிலையும் சாக்கடை வாயையும் மக்கள் எண்ணட்டும். இரவில் ஆற்றுக்குள் இறங்கும் வண்டிகளை மறிப்பதும், அவற்றைப் பற்றித் தகவல் தந்தவரின் பெயர் வெளியே கசியாமல் காப்பதும், அந்தக் கரையில் வேலை பார்க்கும் வருவாய்த் துறை ஊழியருக்குப் பாதுகாப்புக் கொடுப்பதும் காவல் துறையும் மாவட்ட நிர்வாகமும் செய்தே ஆக வேண்டிய வேலை.